நோ டென்ஷன் கார்டு கட்டலாமா என்று கேட்ட மச்சானுக்கு

ஆவடி,
9-2-1996.

அன்புள்ள மச்சான் அருள்தாசுக்கு, மாமா ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் ஞானசௌந்தரியும் ஆண்டவர் கிருபையால் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவளுடைய முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. கல்யாணமாகிப் போன நம் ஞானகுமாரி பூந்தமல்லியில் மாமியாரை நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறாள். திருநின்றவூரில் நீயும் உன் வீட்டாரும் கொசுவைத் தவிர வேறு தொந்தரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. புதுக் கார் எடுக்கப் போகிறாய், சந்தோஷம். அம்பத்தூர் ஷோரூம்காரர்கள் மூன்று வருஷத்து சர்வீஸுக்கும் இப்போதே மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள், மாமா ஏற்கெனவே கட்டியவராயிற்றே, கட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால் தபால் தலைக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தையை அனுப்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இந்த மனசுதான் என்னைக் கெடுத்தது என்பதை நீ மேலே படித்தால் தெரிந்துகொள்வாய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ரிட்டயர் ஆகி, வந்த பணத்தில் அந்த வெள்ளைக் காரை எடுத்தபோது, ஷோரூமில் பாஸ்கரன் என்று ஒருவன் இருந்தான். சர்வீஸ் பிரிவுக்கு அவன்தான் பொறுப்பு. கழுத்தில் டை, கையில் கோப்பு, வாயில் தேன். "சார், நீங்க முப்பத்தோரு வருஷம் டாங்கி ஃபேக்டரில உழைச்சவரு. இனிமே எதுக்கு சார் உங்களுக்கு டென்ஷன்? ஆறாயிரம் கட்டிடுங்க. மூணு வருஷம், பன்னெண்டு சர்வீஸ். கார் எங்க கவலை, பேரப் பசங்க உங்க கவலை" என்றான். ஊரில் எல்லோரும் நான் டாங்கியையே கையால் செய்து எல்லைக்கு அனுப்பியவன் என்று நினைக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. உனக்குத்தான் உண்மை தெரியும். நான் இருந்தது ஸ்டோர்ஸ். நட்டு கொடுத்தேன், ரசீது வாங்கினேன். என்ஜினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கும் உன் அக்காளுக்கும் ஒரே அளவுதான் தெரியும். ஆனால் ஒரு டை கட்டிய மனிதன் நம்மை உழைச்சவரு என்று சொல்லும்போது என்ன செய்வது? கட்டிவிட்டேன். தங்க நிறத்தில் ஓர் அட்டை கொடுத்தான். 'நோ டென்ஷன் கார்டு' என்று பெயர். பெயர் வைத்தவனை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அட்டையின் முன்பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பின்பக்கத்தைப் படிக்காதவர்கள். பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்ததை நான் முதல் சர்வீஸுக்குப் போன பிறகுதான் படித்தேன், அதுவும் கையில் பில்லை வைத்துக்கொண்டு. "பணம்தான் கட்டியாச்சே, இது என்ன பில்லு?" என்று கேட்டால், "சார், கார்டு லேபருக்கு மட்டும். ஆயில், ஃபில்டர், கிரீஸ், துடைக்கிற வேஸ்ட் துணி, இதெல்லாம் தனி" என்கிறான் பாஸ்கரன். அதாவது மச்சான், காரைத் தொட்டதற்கு நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன், எதை வைத்துத் தொட்டார்களோ அதற்கு இப்போது கட்ட வேண்டும். இதோடு போயிற்றா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சர்வீஸுக்கு வந்தே தீர வேண்டும், தொடர்ந்து இரண்டு தவறினால் மிச்சமெல்லாம் ரத்து, வெளியாள் எவனாவது பானட்டைத் திறந்தாலும் ரத்து. அதற்கு அத்தாட்சியாகப் பானட் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள், கலெக்டர் ஆபீஸில் பீரோவுக்குச் சீல் வைப்பதுபோல.

நம் கார் எங்கே போகிறது? ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு, புதன்கிழமை மார்க்கெட்டுக்கு. முதல் வருஷக் கடைசியில் மீட்டரைப் பார்த்தேன். கார் ஓடியதில் பாதித் தூரம் சர்வீஸுக்குப் போய் வந்த தூரம். உன் அக்காள், "இத்த வீட்ல வெச்சிருக்கறதுக்கு அவங்க கிட்டயே விட்டுட்டு நாம ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். நான் விடுவேனா? பணம் கட்டியிருக்கிறேனே. காய்ச்சலோடு ஒரு சர்வீஸுக்குப் போனேன். வெள்ளத்தில் ஒரு சர்வீஸுக்குப் போனேன், சேறு அடித்த காரைக் கழுவிக் கொடுத்தார்கள், அதே சேற்றில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது சர்வீஸில் ஒரு புதுமை செய்து அனுப்பினார்கள். இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் ஹாரன் அடிக்கிறது. நம் கோவில் வாசல் இடது பக்கம். பூசை நடுவில், சாமியார் அப்பத்தை உயர்த்தும் அந்த அமைதியில், தாமதமாகப் போய்ச் சேர்ந்த நான் காரைத் திருப்ப, கோவில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. திங்கட்கிழமையே பாஸ்கரனிடம் ஓடினேன். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார், கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கினேன்" என்றான். அடுத்த சர்வீஸுக்கு எண்பது நாள் இருந்தது. எண்பது நாள் நான் வலது பக்கமாகவே வாழ முடியுமா?

அப்போதுதான் துலுக்கானத்திடம் போனேன். உனக்கு அவனைத் தெரியாது. அம்பத்தூர் ரோட்டில், தகரக் கொட்டகையில் ஷெட் வைத்திருக்கிறான். ஷோரூமுக்கும் அவனுக்கும் நடுவே இரண்டே பர்லாங், ஆனால் அங்கே ஏ.சி., இங்கே டீக்கடை. ஸ்டிக்கரைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "இன்னா நைனா, உன் வண்டிய நீ தொறக்க அவன் கிட்ட பர்மிஷன் கேக்கணுமா? கல்யாணம் கட்டிகினு மாமியார் கிட்ட ரூம் சாவி கேக்கறா மாறி கீது" என்றான். பிறகு டீக்கடையிலிருந்து கொதிக்கும் கெட்டிலை வாங்கி வந்து, ஸ்டிக்கருக்கு ஆவி காட்டி, சுருங்காமல் உரித்து, ஒயர் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி, ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி, எல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரம். இருபது ரூபாய் வாங்கினான், அதுவும் நான் வற்புறுத்தியதால்.

திருட்டுத்தனம் மனசை அறுத்தது. பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் மெதுவாக, "அந்தக் கார்டுக்கு எவ்வளவு கட்டினே?" என்று கேட்டார். "ஆறாயிரம் சாமி." "அப்ப அதையே பரிகாரமா ஒப்புக்கொடுத்துடு, தனியா செபம் வேணாம்" என்றார். அன்றிலிருந்து எட்டாவது சர்வீஸ் வரைக்கும் அவர்கள் கெடுப்பதும், துலுக்கானம் கெட்டில் பிடிப்பதும், நான் ஒப்புக்கொடுப்பதுமாகப் போயிற்று.

இனிமேல் எழுதப் போவதை உன் அக்காள் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். நம் ஞானகுமாரி கல்யாணத்தன்று அவள் கோவில் வாசலில் ஒரு ராணுவ ஜீப்பில் வந்து இறங்கியதை நீ பார்த்தாய். தாய்மாமன் என்ற உரிமையில் "இது இன்னா மாமா?" என்று கேட்டாய். நான் நெஞ்சை நிமிர்த்தி, "டாங்கி ஃபேக்டரிக்காரன் மகளுக்கு ராணுவ மரியாதை" என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாரும் அதை நம்பி, இன்றுவரை பூந்தமல்லியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மச்சான், அது பொய்.

நடந்தது இதுதான். கல்யாணம் திங்கட்கிழமை. ஒன்பதாவது சர்வீஸுக்கு அதற்கு முந்தின சனிக்கிழமைதான் கடைசி நாள். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தாலும் கார்டு கொடுக்காது, எட்டாவதை ஏற்கெனவே பத்து நாள் தாமதமாகப் போட்டதால் அதைத் தவறியதாகவே எழுதி வைத்திருந்தார்கள். இதுவும் தவறினால் மிச்சம் எல்லாம் போச்சு. உன் அக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பொண்ணு ஏறிப் போற வண்டிங்க. கல்யாணம் முடியட்டும்." நான், "கல்யாணத்துக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணா பளபளன்னு இருக்குமே" என்று சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தருவதாகப் பாஸ்கரன் சொன்னான். ஐந்து மணிக்குப் போனால், "பிரேக் கழட்டி வெச்சிருக்கோம் சார், திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு ரெடி" என்றான். ஞாயிறு விடுமுறை. கல்யாணம் பத்து மணிக்கு.

திங்கட்கிழமை, பட்டு வேட்டியோடு, பூ அலங்காரக்காரனை வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஏழே முக்காலுக்கு ஷோரூம் வாசலில் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சின்னசாமி உள்ளிருந்து, "இன்னிக்கு ஸ்டாக் எடுக்கறாங்க சார். ஒரு நட்டு கூட வெளிய போவக் கூடாதுன்னு ஆர்டர்" என்றான். "ஐயா, என் பெண்ணுக்குக் கல்யாணம். அதோ தெரிகிறதே, அது என் கார்." "தெரியுது சார். ரெடியாத்தான் கீது. கணக்குல ஏத்திட்டாங்களே, இன்னா பண்றது?" மச்சான், முப்பத்தோரு வருஷம் இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஸ்டாக் எடுக்கும் நாளில் டாங்கியே நடுரோட்டில் நின்றாலும் நான் ஒரு திருகாணி கொடுத்ததில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைக் கேட்டபோதுதான் அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று தெரிந்தது. அங்கேயே கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பட்டு வேட்டி கட்டிய கிழவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து ஒரு பஸ்ஸே மெதுவாகப் போயிற்று.

துலுக்கானம்தான் டீ கிளாஸோடு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டான். பாஸ்கரனையும் அவன் பரம்பரையையும் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னான், அதை இங்கே எழுத முடியாது. "அழுவாத நைனா. உன் பொண்ணு கோயிலுக்குப் போவும். நம்ம வண்டி கீது" என்றான். அவன் வண்டி என்றால், ராணுவத்தார் கழித்ததை ஏலத்தில் எடுத்து, பழுதான கார்களை இழுத்து வருவதற்குப் பின்னால் கொக்கி மாட்டி வைத்திருக்கும் ஜீப். எனக்கு வேறு வழி? கார் அலங்காரத்துக்கென்று நான் கையோடு கொண்டுவந்திருந்த ரிப்பனையெல்லாம் அந்தக் கொக்கியிலேயே சுற்றினோம். வாசலில் ஜீப் நின்றதும் உன் அக்காள் வெளியே வந்து, "பொண்ணை கோயிலுக்கு அனுப்பறீங்களா, ஷெட்டுக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. ஞானகுமாரியோ முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் ஸீட்டில் ஏறினாள். நான் பின்னால் உட்கார்ந்து, கொக்கி ஆடாமல் பிடித்துக்கொண்டேன். மார்க்கெட் அருகே என்னால் தாங்க முடியவில்லை. "அப்பாவை மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் திரும்பி, "கார்ல போயிருந்தா எவன்பா பாத்திருப்பான்? இப்ப பாருங்க, மீன் விக்கிறவங்ககூட எழுந்து நின்னு கை காட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு, ராணி மாதிரி அவர்களுக்குத் திரும்பக் கை காட்டினாள். என் கண்ணில் தூசி. ஜீப்பில் கதவு கிடையாது, நிறையத் தூசி.

துலுக்கானம் வாடகை வாங்கவில்லை. விருந்தில் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டான், மூன்றாவதை மட்டும் பார்சல் வாங்கினான். மறுநாள் காரை எடுக்கப் போனபோது பாஸ்கரன், "வாழ்த்துகள் சார்! நைன்த் சர்வீஸ் முடிஞ்சுது, ஃபுல் பாலிஷ் போட்டிருக்கோம்" என்று சொல்லி பில்லை நீட்டினான். பில்லைக் கட்டினேன். தங்க அட்டையை அவன் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னும் மூன்று சர்வீஸ் பாக்கி இருந்தது. நான், ஆரோக்கியசாமி, பணம் கட்டியதை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தேன் என்றால் நான் பட்ட பாடு உனக்குப் புரியும்.

ஆகவே மச்சான், கட்டாதே. கார் கெட்டால் கெட்ட பிறகு சரி செய், சரியான பிறகு பணம் கொடு. வேலை முடியுமுன் பணத்தைப் பார்த்தவனுக்கு நம் முகம் மறந்துபோகிறது. இனி இந்த ஜென்மத்தில் எவனுக்கும் முன்பணம் கட்டுவதில்லை என்று மாதா படத்தின் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். புதுக் காரில் முதல் பயணம் எங்கள் வீட்டுக்காக இருக்கட்டும், கிளம்புமுன் இடது பக்க விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் மாமா
ச. ஆரோக்கியசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் துலுக்கானம் வீட்டுக்கு வந்துவிட்டான். பிரஸ்ஸில் கொடுத்துப் பச்சை நிறத்தில் அவனே கார்டு அடித்திருக்கிறான். "அவனுங்க மட்டுந்தான் போடணுமா நைனா? ரெண்டு வருஷம், எட்டு சர்வீஸு, வெறும் ரெண்டாயிரம். முத கார்டு உனக்குத்தான்னு எடுத்தாந்தேன்" என்றான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமே எழுதவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு கார்டாக எடுத்தால் ஒரு ஜாக்கி இலவசமாம். எடுத்துவிட்டேன், இரண்டாவது உன் பெயரில். முதல் சர்வீஸ் தேதியைக் கேட்டதற்கு, நாளைக்குத் திருப்பதி போகிறானாம், வந்து சொல்கிறேன் என்றான். நீ கெஞ்சிக் கேட்டதால்தான் வாங்கினேன் என்று உன் அக்காளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள். கொஞ்சம் கெஞ்சியவன் மாதிரியே இரு.