தீர்ப்பு ரசிகர் ராப் கேட்ட கதை

தீர்ப்பு ரசிகர் என்று ஓர் இனம் உண்டு. கச்சேரி நடக்கிற ஊரிலெல்லாம் இருக்கிறது. டில்லித் தமிழர்களிடையே கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பாட்டு ஆரம்பித்தால் எல்லோரும் பாடுகிறவரைப் பார்ப்பார்கள். இவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்ப்பார். பாடகி மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது இவருடைய வலது புருவமும் கூடவே ஏறி, உச்சியில் நின்றுகொண்டு, அந்த அம்மாள் எப்போது விழுவாள் என்று காத்திருக்கும். விழுந்தால் ஒரு ‘த்சொ’. விழாவிட்டால், “தப்பிச்சுட்டா.” நல்ல வார்த்தையே வராதா என்று கேட்காதீர்கள். வரும். காலமான வித்வான்களுக்கு வரும். காலமாகிக் கொஞ்ச நாளாவது ஆகியிருக்க வேண்டும்; சாம்பல் சூடாக இருக்கும்போதே புகழ்ந்து பழக்கமில்லை.

மயூர் விஹார் வாசுதேவன் இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் அண்டர் செக்ரெட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் மற்றவர்கள் எழுதிய கோப்புகளின் ஓரத்தில் குறிப்பு எழுதியவருக்கு, ஓய்வுக்குப் பிறகு கோப்பு இல்லாத குறை. அந்தக் குறையைச் சங்கீதம் தீர்த்து வைத்தது. வானொலி, கோயில் உற்சவம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாட்டு வகுப்பு, எது காதில் விழுந்தாலும் குறிப்பு ஒன்று விழும். ஆனால் எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தமானது ராப்தான். அதாவது, திட்டுவதற்கு.

“அது பாட்டே இல்லை ஓய்! மூச்சு வாங்கப் பேசறது. பஸ் கண்டக்டர் பேசமாட்டானா?”

இது காலை நடையின்போது, குடியிருப்புப் பூங்காவில். ஓய் என்று விளிக்கப்பட்டவர் இரண்டாவது மாடி இளஞ்செழியன், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் மேலாளர். அவரும் தீர்ப்பு ரசிகர்தான், ஆனால் எதிர்க்கட்சி. வாசுதேவன் எதை ஒழிய வேண்டும் என்கிறாரோ அது வாழ வேண்டும் என்பது அவர் கொள்கை.

“சார், அது ஒடுக்கப்பட்டவங்க குரல். நம்ம சிந்து, கும்மி, ஒப்பாரி எல்லாத்தோட நீட்சி சார் அது. கலைக்கு இலக்கணமா முக்கியம்? கோபம் முக்கியம்!”

“நீர் எதைக் கேட்டீர்?”

“எதைன்னா?”

“எந்த ராப்பைக் கேட்டீர்னு கேக்கறேன்.”

“அது முக்கியமில்ல சார். அதோட சமூகப் பின்னணிதான் முக்கியம். சரி, நீங்க எதைக் கேட்டீங்க?”

“கேக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?”

இப்படியாக, ஒரு ராப்பைக்கூட முழுசாகக் கேட்டிராத இரண்டு பேர், ராப் கலையா இல்லையா என்று குளிர்காலம் பூராவும் மப்ளரைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பஞ்சாபிக் கிழவர்கள், இந்த மதராஸிகளுக்குள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

வாசுதேவனின் மகள் ஷ்ரேயா குர்காவ்னில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ராப் அவளுக்கு உயிர். “அப்பா, ஒரே ஒரு தடவை சுனோ தோ சஹி! கேக்காமயே பேக்கார்னு சொல்றியே, யே க்யா பாத் ஹை?” என்பாள்; கேட்டுத்தான் பாரேன் என்று இயர்ஃபோனை நீட்டுவாள். அவர் அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

இந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். காமாக்ஷி. அவரைப் பற்றி இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள். அந்த வீட்டிலும் அவர் முறை கடைசியில்தான் வந்தது.

காமாக்ஷி கல்யாணத்துக்கு முன் முறையாகப் பாட்டுக் கற்றவர். கல்யாணமாகிக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் நவராத்திரியில், நாலு பிளாக் தள்ளி ஒரு வீட்டுக் கொலுவில் பாடினார். வந்திருந்தவர்கள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து கேட்டார்கள். திரும்பி வரும்போது, இரண்டு பிளாக் தூரம் நடந்த வாசுதேவன், மூன்றாவது பிளாக் விளக்குக் கம்பத்தடியில் சொன்னார்: “சரணத்துல சுருதி கொஞ்சம் இறங்கிடுத்து.”

பொய் சொல்லவில்லை. கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அடுத்த வருஷம் தாளம். அதற்கடுத்த வருஷம் சுருதியும் தாளமும் சரியாக இருந்ததால், பாவம் போதவில்லை. அதாவது உணர்ச்சி. பிறகு ஒரு நவராத்திரியில் காமாக்ஷி, “தொண்டை கட்டியிருக்கு” என்று வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தத் தொண்டைக்கட்டு அதற்கப்புறம் நீங்கவே இல்லை. வாசுதேவன் ஓரிரு தடவை மிளகுப்பால் சிபாரிசு செய்தார். கெட்டவர் இல்லை.

பொங்கல் வந்தது. குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்கள் வருஷா வருஷம் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, சமூகக்கூடத்தில் விழா நடத்துவார்கள். நிகழ்ச்சித் தேர்வுக் குழுவுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஷ்ரேயா ஒரு பெயர் கொடுத்திருந்தாள்: ‘ராப், மூன்று நிமிடம். ஷ்ரேயாவும் இன்னொருவரும்.’ தலைவர் தன் மகள் என்ற பாசத்துக்கு இடம் கொடுக்காமல் ஓரத்தில் எழுதினார்: ‘பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை.’

இளஞ்செழியன் குதித்துவிட்டார். “இது கருத்துரிமைப் பிரச்சினை சார்!”

“மூணு வயசுக் குழந்தை மாறுவேஷப் போட்டிக்கு வர்ற மேடை ஓய் இது. அதுல வந்து கத்தறதா?”

“கத்தட்டும் சார்! நானூறு வருஷமாக் கத்தாம இருந்தவங்க கத்தட்டும்!”

யார் அந்த நானூறு வருஷக்காரர்கள் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது. கடைசியில் சமரசம்: நன்றியுரைக்கு அப்புறம், சாப்பாட்டுக்கு முன்னால். இதில் வாசுதேவனின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைப் பொங்கல் வாசனை வந்தபிறகு எந்தத் தமிழன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? ராப்புக்கு மேடை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கேட்க ஆளில்லாமல் செய்த மாதிரியும் ஆயிற்று. அமைச்சகத்தில் இதற்குப் பெயர் நிர்வாகத் திறமை.

அந்த வாரங்களில் சமையலறையிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. மிக்ஸி ஓடும்போது உரத்தும், நிற்கும்போது தணிந்தும். வாசுதேவன் காதிலும் விழுந்தது. தன்னைத்தான் திட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். திட்டு எதற்காக என்று விசாரிக்காமலிருப்பது அவருடைய தாம்பத்தியத்தின் அஸ்திவாரம்.

விழா அன்று நன்றியுரை முடிந்தது. எதிர்பார்த்தபடியே நாற்காலிகள் கிறீச்சிட்டன. இளஞ்செழியன், கருத்துரிமை நிலைநாட்டப்பட்டுவிட்டதால், சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாகப் போய்த் தட்டெடுத்துக்கொண்டார். மேடைக்கு லேப்டாப்பும் ஸ்பீக்கருமாக ஷ்ரேயா வந்தாள். பின்னாலேயே, பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரும், காலில் சாக்ஸுமாக, காமாக்ஷி.

வரிசையில் பாதி பேர் நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் வாசுதேவனுக்கு முதலில் புரியவில்லை. மைக்கைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். ஷ்ரேயா பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு தட்டல் கிளம்பியது. காமாக்ஷி இரண்டு சுற்று அதைக் கேட்டு, தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, கண்ணை மூடாமல், கையை ஆட்டாமல், காய்கறிக்காரனிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்:

“எழுந்து குளிக்கணும், அரிசி களையணும்,
பருப்பு கொதிக்கணும், டிபனைக் கட்டணும்,
பஸ்ஸைத் துரத்தணும், படியில் தொங்கணும்,
பையா ருகோ ஜி, ஜல்தி இறங்கணும்!”

கூடத்தில் குபீரென்று சிரிப்பு. காமாக்ஷியைப் போலவே ‘அண்ணா, நிறுத்துங்கோ’ என்று ஹிந்தியில் கத்திக்கொண்டு ஆபீஸ் பஸ்களில் தொங்கிய பெண்கள் அங்கே நிறையப் பேர். வரிசையிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். காமாக்ஷி நிறுத்தவில்லை. ரேஷன் வந்தது, சிலிண்டர் வந்தது, மாமியாரின் மூட்டுவலியும் மகளின் கணக்குப் பரீட்சையும் ஒரே மூச்சில் வந்தன. வாசுதேவனின் உள்ளங்கை தொடையில் விழ ஆரம்பித்தது. அவர் உத்தரவில்லாமலே. தகிட தகதிமி, தகிட தகதிமி. அடக் கடவுளே, மூன்றும் நாலும் ஏழு! மிஸ்ர சாபு! ஒரு எழுத்து சிந்தாமல் மிஸ்ரத்தில் உட்கார்ந்து போகிறாளே என்று அவர் வாய் லேசாகத் திறந்தபோது, மேடையில் குரல் தணிந்தது.

“குரலைத் திறந்தா சுருதி பாக்கணும்,
சுருதி சேர்ந்தா தாளம் பாக்கணும்,
தாளம் சேர்ந்தா பாவம் பாக்கணும்,
பாவம் யாருன்னு யாரு பாக்கணும்?”

தொடையில் கை நின்றுவிட்டது.

கூடம் அதிர்ந்தது. பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் வாசுதேவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக அவர்தான் மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பவர். முதன்முறையாக அந்தப் பார்வை எவ்வளவு கனம் என்று தெரிந்தது. கிட்வாய் நகர் விளக்குக் கம்பம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன் அவள் முகம் எப்படி இருந்தது என்றும் ஞாபகம் வந்தது. அவர் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கைதட்டல் கேட்டு இளஞ்செழியன் தட்டோடு ஓடிவந்து, இன்னொரு மைக்கைப் பிடித்தார். “இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்! இது ஒடுக்கப்பட்டோரின் குரல்!”

“அப்படியெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லை சார்,” என்றார் காமாக்ஷி. “எங்காத்துக் குரல்.”

வீட்டுக்கு நடக்கும்போது ஷ்ரேயா சிநேகிதிகளோடு பின்தங்கிவிட்டாள். தம்பதி மட்டும். காமாக்ஷி கையில் மீந்த பொங்கல் தூக்கு. பூங்காவைத் தாண்டினார்கள்.

“ஏன்னா, சுருதி எப்படி?” என்றார் காமாக்ஷி.

“அதுல சுருதியே இல்லையே.”

“அதனாலதான் பாடினேன்.”

அவர் நின்றுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு மாதிரி ஒன்று. ஆனால் வாழ்நாள் பூராவும் ஓரக் குறிப்பு எழுதியவருக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதானே?

“மூணாவது அடில லேசா ஓடிட்டே,” என்றார். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காமாக்ஷி கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டார். “அப்போ, பாட்டுன்னு ஒத்துக்கறேள்.”

“பேச்சுக்கு யாராவது தாளம் பாப்பாளா?”

அன்று சாயங்காலம் காமாக்ஷி காபி கலந்துகொண்டிருக்கையில், சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல் வந்து உட்கார்ந்தது, அதன்மேல் வாசுதேவன். “இன்னொரு தரம் சொல்லேன். நான் தாளம் போடறேன்.”

“ஒண்ணும் போட வேண்டாம். வெறுமனே கேளுங்கோ.”

வெறுமனே கேட்பது! அவருக்கு அது தெரியாது. கை தானாகத் தொடைக்குப் போயிற்று. இழுத்தார். மறுபடியும் போயிற்று. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். காமாக்ஷி பாடினார். ராப் முடிந்ததும் நிறுத்தாமல், சுருதிப்பெட்டிகூட இல்லாமல், பழைய கொலுப் பாட்டு ஒன்றை மெல்ல எடுத்தார். சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியது. வாசுதேவனுக்குக் கேட்டது. புருவம் துடித்தது. கைமேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் கடைசிவரை கேட்டார். அவர் உத்தியோக வாழ்க்கையில்கூட இவ்வளவு கடினமான வேலை செய்ததில்லை.

வாசுதேவன் திருந்திவிட்டார் என்று நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் திருந்தினார். பூங்காவில்? மாசி பிறப்பதற்குள் அவர் ராப்பில் நிபுணர்.

“இப்ப வர்றதெல்லாம் ராப்பா ஓய்? எல்லாம் நாலு நாலா எண்ணற சோம்பேறிகள். மிஸ்ரத்துல ஒண்ணு சொல்லச் சொல்லும் பாப்போம்! எங்காத்துல ஒருத்தி சொல்றா, அதுக்குப் பேர் ராப்.”

இளஞ்செழியன் விடுவாரா? “ராப் செத்துப் போச்சு சார். எப்ப பொங்கல் விழா மேடை ஏறிச்சோ, அப்பவே போச்சு. மாமிங்க எல்லாம் கைதட்டினா அப்புறம் அதுல என்ன கோபம் இருக்கு?”

இருவரும் கட்சி மாறிக்கொண்டு, அதே மப்ளர்களோடு சண்டையைத் தொடர்கிறார்கள். பஞ்சாபிக் கிழவர்களுக்கு, சொத்து இன்னும் பிரியவில்லை என்று வருத்தம். காமாக்ஷி மட்டும் இதிலெல்லாம் கலந்துகொள்வதில்லை. அவருக்கு வேலை இருக்கிறது; டில்லியின் மறுகோடியிலிருக்கிற துவாரகா தமிழர்கள் தங்கள் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மாமனாராக இருக்கலாம், ஆபீஸ் நண்பராக இருக்கலாம், எதிர் ஃப்ளாட்காரராக இருக்கலாம். ‘அப்படியே அச்சு!’ என்று சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை அவருக்கு அனுப்பிவைக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். அவரும் படிப்பார், அவரும் ஒரு முகத்தை நினைத்து விழுந்து விழுந்து சிரிப்பார், யார் முகம் என்று மட்டும் உங்களிடம் சொல்ல மாட்டார்.