இரண்டு என்று வாய் சொல்லிவிட்டது

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். உன்னையும் உன் வீட்டுக்காரரையும் நலம் விசாரித்துத் தொடங்குவது மரபு. நான் நலமே என்று பொய் எழுதுவதும் மரபுதான். இந்த முறை முதலாவதை மட்டும் செய்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், இல்லை அழுவாய். காகிதத்தில் இரண்டுக்கும் வசதி இல்லை.

"அம்மா போனப்புறம் அந்த வீட்ல தனியா உக்காந்திருக்காதீங்கப்பா, ஒரு நாய்க்குட்டியாவது வாங்குங்க" என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. ஒன்று என்றுதான் சொன்னாய், மறுக்கவில்லை. ஒன்று வாங்கத்தான் நானும் நம் தெரு எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு நாய் போட்ட குட்டிகள் பழைய டயருக்குள் சுருண்டு கிடந்தன. அவர் குனிந்தபடியே "எத்தனை சார்?" என்றார். "ரெண்டு" என்றேன். நான் சொல்லவில்லை மகளே, வாய் சொன்னது. டீக்கடையில் எத்தனை என்றால் ரெண்டு, பஸ்ஸில் எத்தனை டிக்கெட் என்றால் ரெண்டு, அந்தக் கேள்விக்கு என் வாய்க்கு வேறு பதில் தெரியாது. போன மாதம்கூட பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆளிடம் "இது ஆள் வர்ற சீட்டு" என்று சண்டைக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் இரண்டு குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கறுப்புக்கு மேஸ்திரி என்று பெயர், வந்த அன்றே சமையலறைச் சுவரின் பூச்சைப் பெயர்த்துச் சோதித்தது. பழுப்புக்கு மாப்பிள்ளை, தட்டு எதிரில் வரும்வரை அசையாது. (இந்த வரியை உன் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டாதே.) நான் எதைக் கூப்பிட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன, 'யாருடா இந்த ஆளு' என்கிற மாதிரி. ஊசி போடப் போன இடத்தில் கால்நடை டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒரே நேரத்துல ரெண்டு குட்டி வளக்கறது லேசு இல்ல சார். அதுங்க ஒண்ணையொண்ணுதான் பாத்துக்கும், உங்களைத் திரும்பிப் பாக்காது. நாளைக்கு ஒண்ணு இல்லாம போச்சுன்னா இன்னொண்ணு தாங்காது. ஒண்ணைக் குடுத்துடுங்க. இல்லேன்னா தனியா இருக்க இப்பவே பழக்குங்க, தனி ரூம், தனித் தட்டு, தனித்தனியா நடை" என்றார். மனுஷங்களுக்கும் இந்த வகுப்பு எடுக்கிறீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். எனக்கு அடுத்து ஒரு பூனை காத்திருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

சரி, பழக்குவோம் என்று ஆரம்பித்தேன். என் தொழில் உனக்குத் தெரியும். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே அலறுகிறவர்களை வெளியிலிருந்து பேசியே அடக்குவது மெக்கானிக்குக்குப் பாதி வேலை. "பயப்படாதீங்க, வெளிய ஆள் இருக்கேன்" என்பேன், அடங்கிவிடுவார்கள். மேஸ்திரியைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தி, அதையே சொன்னேன். உள்ளே ஊளை. மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்று எதிர் ஊளை. ஆளை மாற்றிப் பார்த்தேன், மாப்பிள்ளை உள்ளே, மேஸ்திரி வெளியே, சத்தம் மட்டும் மாறவில்லை. கீழ்வீட்டு டீச்சர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "என்ன சார், யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா?" என்றார். "இல்ல டீச்சர், தனியா இருக்கச் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு புகாரே இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

தனித்தனி நடையும் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையைத் தெருமுனை வரை கூட்டிப்போய்த் திரும்புவதற்குள், வாசலில் கிடக்கிற உன் அம்மாவின் செருப்பில் ஒன்றை மேஸ்திரி கடித்துத் துப்பியிருந்தது. அடிக்கக் கை ஓங்கினேன். அப்புறம், ஜோடிதான் போய்விட்டதே, மிச்சத்தை இனியாவது எடுத்து உள்ளே வைக்கலாம் என்று நினைத்தேன். குனிந்தேன், எடுக்கவில்லை. ஒற்றைச் செருப்பு அங்கேயே இருக்கிறது. நீ வரும்போது தடுக்கி விழுந்துவிடாதே.

ஆகவே தீர்மானம் இதுதான். மாப்பிள்ளை திரும்பிப் போகிறது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று, நாளைக்கு வருகிறார். இரண்டையும் ஒன்றாக வளர்த்து, பிறகு ஒன்றை மட்டும் மிச்சம் வைப்பது என்ன காரியம் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவும் நானும் தனியாக இருக்க ஒருநாள்கூடப் பழகிப் பார்க்கவில்லை. மேஸ்திரியாவது சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ளட்டும், என்னைப் பார்க்கவும் பழகட்டும். வீட்டில் யாராவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

நீங்கள் இருவரும் நீண்ட நாள், கூடுமானவரை ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நேற்று இதை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று எலக்ட்ரீஷியன் வந்து மாப்பிள்ளையை எடுத்துப் போனார். மேஸ்திரி ஊளையிடும் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். சத்தமே இல்லை. கதவருகே கொஞ்சம் நின்றது. பிறகு வந்து என் காலடியில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. டாக்டரம்மா சொன்னபடியேதான். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். சவரம் பண்ணுகிற கண்ணாடியில்.

சட்டையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டேன். எலக்ட்ரீஷியன் வாசலிலேயே சிரித்தார். "என்ன சார், இப்ப மொத்தம் எத்தனை?"

"ரெண்டு" என்றேன். இந்தத் தடவை வாய் சொல்லவில்லை, நானே சொன்னேன்.