முடிச்சு எண்ணிக் கொடுத்த மருந்து

சுகப்பிரசவத்தின் விலை ஐந்நூற்று அறுபது. பேரம் பேசியபின் ஐந்நூற்று ஐம்பது. அந்தப் பத்தைக் குறைக்கத் தையல்காரர், நாட்டு மருந்து விற்கும் வேர்க்கடை வாசலில் கால் மணி நேரம் நின்றிருந்தார்.

இப்போது அந்த ஐந்நூற்று ஐம்பது, மூன்று பொட்டலங்களாக அவர் மடியில் இருந்தது. மூன்றும் ஒரே அளவு. ஒரே காகிதம். ஒரே முடிச்சு.

அந்த ஒரே முடிச்சைப் பார்த்துத்தான் அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

வாங்கும்போது அப்படி இல்லை. வேர்க்கடைக்காரர் பொட்டலத்தின்மேல் எதையும் எழுத மாட்டார். எழுதினால் எதிர்க்கடைக்காரன் படித்துவிடுவான் என்பது அவர் கட்சி. பெயருக்குப் பதில் முடிச்சு.

"இது ஒத்த முடிச்சு. கால் வீக்கத்துக்கு. இன்னைக்கே குடுங்க. இது ரெட்டை முடிச்சு. வலி கண்ட பிறகுதான். அதுக்கு முன்னாடி ஒரு கரண்டி உள்ள போச்சுன்னா பிள்ளை தேதியெல்லாம் பாக்காது. இது மூணு முடிச்சு, பெத்த பிறகு. மாத்திக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து நிக்காதீங்க தையக்காரரே."

தையல்காரர் மூன்று தடவை தலையாட்டிவிட்டு வந்தார். வாங்கச் சொன்னது மாமியார். மனைவியைப் பார்க்கும் டாக்டர் அம்மாவோ, நாட்டு மருந்து எதுவும் கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தார். அதனால் பொட்டலங்களை வெளியார் கண்ணில் படாமல் மடியில் வைத்து, மேலே ஒரு வெட்டுத்துணியைப் போட்டுக்கொண்டு தையல் மெஷின்முன் உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. தொங்குகிற நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது. வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிற அன்னியரின் சட்டை நூலைக்கூட அறுத்துவிட்டு அடி வாங்கப் பார்த்தவர். அன்று பார்த்து மாடிவீட்டு அக்கா கடைக்கு வந்தார். மாடியில் ஏதோ கூலிவேலை செய்து பிழைப்பவர்.

"அந்தப் பச்சை நூல் இன்னொரு கண்டு குடுங்க தம்பி. கணக்குல எழுதிக்குங்க."

"ஏற்கெனவே ஆறு கண்டு நிக்குது அக்கா."

"நான் எங்க போயிடப்போறேன். உங்க தலைக்கு மேலதான் இருக்கேன்."

"அதான் பயமா இருக்கு. கடன் எப்பவும் தலைக்கு மேலேயே நிக்குது."

சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இந்த ஐந்து நிமிடத்தில் அவர் வாய் ஒரு வேலை பார்த்தது. வெட்டுத்துணிக்கு அடியில் கை இன்னொரு வேலை பார்த்தது. நூல் கண்டு கைமாறி, அக்கா படியேறியபின் குனிந்து பார்த்தார். வால்களையெல்லாம் கத்தரித்து, பழைய முடிச்சுகளை அவிழ்த்து, மூன்று பொட்டலத்துக்கும் தட்டையாக, கச்சிதமாக, ஒரு தையல்காரரின் முடிச்சைப் போட்டு வைத்திருந்தது அவர் கை.

"மாப்பிள்ளை, அந்த ஒத்த முடிச்சக் குடுங்க. தண்ணி கொதிக்குது."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கும் திரையை விலக்கிக்கொண்டு மாமியார் நின்றார். உண்மையைச் சொல்லத் தையல்காரருக்கு இரண்டு விநாடி இருந்தது. மாமியார் கையில் கரண்டியும் இருந்தது. நடுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தாள். "கருகின வாசனை அடிக்குது."

"ஒசத்தி மருந்துன்னா அப்படித்தான்டி. நம்ம அடுப்பங்கரையில கிடைக்காத சரக்கு. உங்க மூணு பேரையும் நான் இதைக் குடிச்சுத்தான் பெத்தேன்" என்றார் மாமியார்.

தையல்காரர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அந்த டம்ளர் காலியாவதைக் கேட்டார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. போன வருஷம் ஐந்தாம் மாதத்தோடு எல்லாம் நின்றுபோனது. அப்போது ஆசை ஆசையாகத் தைத்த ஏழு சின்னச் சட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, மனைவி பார்க்காத நேரத்தில் பரண்மேல் ஏற்றியிருந்தார். இந்தத் தடவை பிள்ளைக்கென்று ஒரு சாண் துணி வெட்டவில்லை. "அளவு தெரியாத ஆளுக்கு நான் தைக்கிறது இல்ல" என்று கேட்டவர்களிடம் ஜம்பமாகச் சொன்னார். உண்மையில் கத்தரிக்கோலை எடுத்தால் பரண்மேல் டப்பா நினைவுக்கு வந்து, திரும்ப வைத்துவிடுவார்.

உள்ளே போனது ரெட்டை முடிச்சாக இருந்தால்?

மீதி இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு வேர்க்கடைக்கு ஓடினார்.

"வைத்தியரே, ஒரு சந்தேகம். தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுல..."

"தெரிஞ்சவர்னா நீங்கதான். சொல்லுங்க."

சொன்னார். வேர்க்கடைக்காரர் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் முடிச்சு எங்க?"

"நூல் தொங்குச்சு. கை தானா..."

"நாப்பது வருஷமா இந்தக் கடை முடிச்ச ஒருத்தன் தொட்டது இல்ல." பிரித்தார். மோந்தார். பெருவிரலில் தேய்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி மோந்தார்.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். "எது எதுன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன."

"அப்ப வீட்டுல குடிச்சது எது?"

"மருந்துப் பேரைக் கடை வாசல்ல சொல்றது இல்ல."

"என் காதுல சொல்லுங்க."

"கட்டின பொட்டலம் பேசும். பிரிச்ச பொட்டலம் பேசாது." கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப பத்தரை. குடிச்சது ரெட்டை முடிச்சா இருந்தா ஒரு மணிக்குள்ள தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா?"

"அதுக்குத்தானே இது." பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். நாலு முடிச்சு. "முறிமருந்து. கொஞ்சம் டீயில கலந்தாப் போதும். நானூறு."

தையல்காரர் பேரம் பேசாமல் நானூறை எண்ணி வைத்தார். கடைக்காரர் பயந்துபோனார். "என்ன, குறைச்சுக் கேக்கல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சீக்கிரம் குடுங்க."

"ஒண்ணு சொல்லிடறேன். குடிச்சது ஒத்த முடிச்சா இருந்து, அதுக்கு மேல இதைக் குடுத்தீங்கன்னா பெரிய கெடுதல். எதுன்னு உறுதி பண்ணிக்கிட்டுக் குடுங்க."

வரும்போது அவரிடம் ஒரு பயம் இருந்தது. நானூறு கொடுத்து இரண்டாக்கிக்கொண்டு திரும்பினார். பிரித்த பொட்டலங்களை வழியிலேயே அவர் கை மறுபடி தட்டையாகக் கட்டிவிட்டது.

உறுதி பண்ண ஒரே வழிதான் தெரிந்தது. பாத்திரத்தில் மீதியிருந்த கஷாயத்தை, மாமியார் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, அடிமண்டியோடு குடித்தார். அளவெடுக்கும் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பத்தாறு. பத்து நிமிடம் கழித்து முப்பத்தாறு. இன்னும் பத்து நிமிடம் கழித்து முப்பத்தாறரை. வயிறு உருண்டது. இடுப்பில் ஏதோ பிடித்து இழுத்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இரண்டு தடவை கடைத்தெருவுக்குப் போய்வந்தது அவர் நினைவுக்கு வரவில்லை.

"எதுக்கு மாப்பிள்ளை உங்க வயித்த நீங்களே அளக்கறீங்க?"

"சும்மா அத்தை. ஒரு மாடலுக்கு."

ஆம்பளைக்கே இடுப்பு வலி வருகிறதென்றால் அது ரெட்டை முடிச்சேதான். முடிவு கட்டினார். நாலு முடிச்சிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டீயில் கலக்கி மனைவியிடம் நீட்டினார். பாதி சாஸரில் இருந்தது.

"டீயிலயும் அதே கருகல் வாசனை வருதே" என்றாள்.

"பால் அப்படி."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குடித்தாள்.

பன்னிரண்டரைக்கு எழுந்தவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "என்னங்க, இடுப்புல பிடிச்சு இழுக்குது."

"எப்படி? லேசாவா?"

மேசையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வலி கண்டாச்சு. சொன்னேன்ல, இந்த மருந்து சும்மா விடாது. மாப்பிள்ளை, எடுங்க அந்த ரெட்டை முடிச்ச."

"வேண்டாம் அத்தை."

"இதுக்குன்னு வாங்கினது. இப்பக் குடுக்காம எப்பக் குடுக்கறது?"

"வேண்டாம்னு சொல்றேன்ல" என்று தையல்காரர் கத்தினார். கல்யாணமான நாலு வருஷத்தில் மாமியாரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நாலு பொட்டலங்களையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கி, போன முதல் வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மனைவியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மூணு வாரம் இருக்கே. என்ன குடுத்தீங்க?"

தையல்காரர் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முனகினாள்.

"ஒத்த முடிச்சு டாக்டர். இல்லன்னா ரெட்டை. இல்லன்னா மூணு. அதுக்கு மேல நாலு."

டாக்டர் அம்மா பேனாவை மூடினார். "நீங்க தையல்காரர்தானே?"

"ஆமா."

"இங்க முடிச்சுன்னு எழுத இடம் இல்ல. கர்ப்பப்பையைச் சுருக்கற வேர் ஏதாவது உள்ள போயிருந்தா, நான் போடற ஊசியும் அதோட சேந்துக்கும். அப்ப பிள்ளைக்கு மூச்சு முட்டும், உங்க சம்சாரத்துக்கும் ஆபத்து. ஊசி போடாமலே எவ்வளவு நேரம் பாக்க முடியுமோ பாக்கறேன். நீங்க போய்ப் பேரைக் கேட்டுட்டு வாங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கரண்டியை எடுத்து நாலு அடி போட்டிருந்தால் தையல்காரருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

வேர்க்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. கடையின் பக்கவாட்டுக் கதவில் பூட்டாமல் தொங்கிய பூட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"வைத்தியரே, பேரை மட்டும் சொல்லுங்க. காசு திருப்பித் தர வேண்டாம்."

உள்ளே யாரோ இருமினார்கள். இருமலை யாரோ கையால் பொத்தினார்கள்.

"பொம்பளை உசுரு ஊசலாடுதுய்யா."

பூட்டு ஆடுவது நின்றது.

வெறுங்கையோடு திரும்பியபோது மனைவியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அவர் கூடவே ஓடினார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, பரண்மேல ஒரு டப்பா இருக்கும்."

"உனக்கு எப்படி..."

"ஏழு சட்டை. எனக்குத் தெரியும். மாடி அக்காகிட்டச் சொல்லி எடுத்து வரச் சொல்லுங்க." கதவு மூடிக்கொண்டது.

மாமியார் போனில் மாடி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். தையல்காரர் நாலு பொட்டலத்தையும் பெஞ்சில் வரிசையாக வைத்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தால் ஏதாவது ஒன்றாவது வாயைத் திறக்கும் என்பதுபோல. நாலாவதன் பச்சை நூல் வால் தொங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கை அதைத் தொடவில்லை.

மூன்றரை மணிக்கு உள்ளே ஒரு குரல் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி ஆரம்பித்து, சந்தைக்காரி மாதிரி முடிந்தது.

நர்ஸ் வந்தார். "பொண்ணு. ரெண்டு கிலோ முந்நூறு. ஊசி எதுவும் போடாமலே பிறந்துடுச்சு. அம்மா நல்லா இருக்காங்க. போட்டுவிடத் துணி எங்க?"

"வந்துக்கிட்டிருக்கு."

"நீங்க தையல்காரர்னு சொன்னாங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"அந்த மருந்துப் பேரு கிடைச்சுதா? அம்மா உடம்புல என்ன இருக்குன்னு தெரியற வரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அது பசியில கையைச் சப்புது."

சந்தோஷம் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. பெற்றதும் பிழைத்ததும் நல்லபடி ஆகி, ஒரு வாய்ப் பால் நாலு முடிச்சில் மாட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் மாடி அக்கா மூச்சிரைக்க வந்தார். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் பிளாஸ்க். டப்பாவை மாமியாரிடம் கொடுத்தார். உட்கார இடம் தேடிப் பொட்டலங்களை ஒதுக்கினார். ஒதுக்கிய கை நின்றது. ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது யாரு போட்ட முடிச்சு? நான் இப்படித் தட்டையாப் போட மாட்டேனே."

தையல்காரர் நிமிர்ந்தார். நர்ஸ் திரும்பினார். மாமியாரின் வாயிலிருந்து முந்தானை இறங்கியது.

"நீங்களா அக்கா கட்டறீங்க?"

"வேற யாரு? வேர்க்கடைப் பொட்டலம் பூரா மாடியில உக்காந்து நான்தானே மடிக்கிறேன். வறுத்து இடிச்சுக் குடுக்கறதும் நான்தான். மல்லியைக் கருக வறுத்துச் சுக்குத்தூள் போட்டது. ஒரே சாக்கு."

"மல்லியா?" என்றார் மாமியார். இருபத்தெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவரின் குரல் அது.

"சமையலுக்குப் போடற மல்லிதான்மா, அதுக்கெல்லாம் வலி வராது. வேற ஒரு தூசி கிடையாது, என் கண்ணு முன்னாடி வர்ற சரக்கு."

நர்ஸ் டாக்டர் அறைப் பக்கம் ஓடினார்.

தையல்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப ஒத்த முடிச்சு, ரெட்டை முடிச்செல்லாம்?"

"முடிச்சு மருந்துக்கு இல்ல தம்பி, விலைக்கு. ஆளோட பயத்தைப் பாத்து ஏத்திக்குவாரு. நாலு முடிச்சு வரைக்கும் போயிருக்கீங்கன்னா நல்லாத்தான் பயந்திருக்கீங்க. எவ்வளவு ஆச்சு?"

"மொத்தம் தொள்ளாயிரத்து அம்பது."

அக்கா நாலு பொட்டலத்தையும் அடுக்கிவைத்து விரல் விட்டு எண்ணினார். "மல்லி ஒம்பது, சுக்கு நாலு, காகிதம் ஒண்ணு, என் கூலி ரெண்டு. நாலுக்கும் சேத்துப் பதினாறு. நூலுக்கு ஒண்ணும் போடல தம்பி, அது உங்க கடையில வாங்கினது, ஏழு கண்டும் இன்னும் பாக்கியிலதான் நிக்குது."