சாரம்மாள் நினைவாக ஒரு கரகரப்பு

கம்ப்யூட்டரின் முதுகில் எஸ்றா ஓங்கி ஓர் அறை கொடுத்தார். கரகரப்பு நின்றது. அவர் மூச்சு விடுவதற்குள் அது திரும்பி வந்தது, இந்தத் தடவை துணைக்கு ஒரு கீச்சொலியையும் கூட்டிக்கொண்டு.

“ஆண்டவரே!” என்றார் எஸ்றா. பாளையங்கோட்டையில் ஒரு சபை அலுவலகத்துக் குமாஸ்தா வாய்விட்டு அதற்குமேல் எதுவும் சொல்லிவிட முடியாது.

சத்தம் வந்தது பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து. கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்தத் தகரப்பெட்டி சூடாகாமல் இருக்க உள்ளே ஒரு சின்னக் காற்றாடி உண்டு. அது சுழல வேண்டும். சுழலும்போது வாயைத் திறக்கக் கூடாது.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அப்பாத்துரை சார் வருகிறார்.

அப்பாத்துரை சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எஸ்றாவுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு நடத்தியவர், பிற்பாடு இந்த வேலைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டவர். போன வருஷம் அவர் மனைவி சாரம்மாள் காலமானார். அவர் நினைவாகச் சார் சபைக்குக் கொடுத்த காணிக்கைதான் இந்தக் கம்ப்யூட்டர்.

அந்தக் கோயிலில் யார் நினைவாக என்று பெயர் எழுதாத பொருளே கிடையாது. கடிகாரத்தில் பெயர் மணியை மறைக்கும். மின்விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு தாத்தா சுற்றிக்கொண்டிருப்பார். பெயர் எழுதாமல் தப்பித்தவை மேலே தொங்கும் வௌவால்கள் மட்டும்தான். கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா? திரையின் விளிம்பில், கீபோர்டில், முதுகில் என்று எங்கும் சிவப்புப் பெயின்டில் ‘சாரம்மாள் அப்பாத்துரை நினைவாக’ என்று எழுதியிருந்தது. மவுஸில் இடம் போதாமல் ‘சாரம்’ என்பதோடு நின்றுவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத் துணி போர்த்தி, பீடத்துக்கு முன்னால் வைத்து, ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்தார்கள். ஆராதனை முடிந்து அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தவர் எஸ்றா. வாசற்படியில் ‘டொக்’கென்று ஓர் இடி. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் சுவிட்சைப் போட்டதும் கரகரவென்றது.

அன்றிலிருந்து எஸ்றாவுக்கு அலுவலகத்தில் ஒரே காவல் வேலை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கரகரப்பை மறைக்க ஸ்டாண்ட் ஃபேனை முழு வேகத்தில் வைப்பார். ஞானஸ்நானச் சான்றிதழ்கள் அறை முழுக்கப் பறக்கும்.

“பிரஷர் பாத்தியளா எஸ்றா?” என்று போதகரே கவலையோடு கேட்டுவிட்டார்.

இப்போது சாரம்மாளின் முதலாம் வருஷ நினைவு ஆராதனை ஞாயிற்றுக்கிழமை. அதற்கான ஆராதனைத் தாளை அந்தக் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும் என்று சார் போனில் சொல்லியிருந்தார்.

“அவ பேருல உள்ள பொட்டியில இருந்து அவ தாளு வருததை நான் பக்கத்துல இருந்து பாக்கணும் லே” என்றிருந்தார்.

அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கரகரப்பைக் கேட்டால் மனசு என்ன பாடுபடும்! ‘என்ன லே செஞ்சே?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எட்டாம் வகுப்பிலிருந்தே எஸ்றாவுக்கு அவரிடம் பொய் சொல்ல வராது.

மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே எஸ்றாவின் மனைவி ஜெசி கேட்டாள்: “சத்தம் வந்தா எண்ணெய் விடணும். என் தையல் மெஷினுக்கு அப்படித்தான செய்யுதேன்?”

“இது கம்ப்யூட்டர் பிள்ள.”

“சுத்துததுக்கெல்லாம் எண்ணெய் ஒண்ணுதான்.”

வியாழக்கிழமை காலையில் எஸ்றா தையல் மெஷின் எண்ணெயோடு வந்தார். பின்பக்கக் கம்பி வலை வழியாக ஒரு சொட்டு விட்டார். குறையவில்லை. பைய இன்னும் கொஞ்சம் சாய்த்தார். குப்பி மனசு வைத்துப் பாதியைக் கவிழ்த்துவிட்டது.

சத்தம் நின்றது. கூடவே காற்றாடியும் நின்றது. தோசைக்கல் காய்ந்த வாசனை வந்தது. பாதித் தாள் அடித்திருக்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே அணைந்தது.

எஸ்றா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். சுவிட்சைப் போட்டுவிட்டு வலை வழியாகக் காற்றாடியை ஒரு தள்ளு தள்ளினார். சுழன்றது! ஒரு வரி அடிப்பதற்குள் நின்றது. எழுந்துபோய்த் தள்ளினார், வந்து அடித்தார். சங்கீதம் இருபத்துமூன்று பாதியில் இருக்கும்போது ஈர்க்கு முறிந்து உள்ளே விழுந்தது. ‘டகடகடக’வென்று ஆரம்பித்தது பாருங்கள், ஸ்டாண்ட் ஃபேன் நாலு வைத்தாலும் அதை மறைக்க முடியாது.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வண்ணார்பேட்டைக்குப் போனார். அங்கே அலி அஸ்கர் பாய் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

பாய் மோந்து பார்த்தார். “என்ன அண்ணாச்சி, தாளிச்சீகளா?”

“விளையாடாதீங்க பாய். நாளைக்கு வேணும்.”

“ஃபேன மட்டும் மாத்துதது நேரம் புடிக்கும். பவர் சப்ளைப் பொட்டியவே புதுசாப் போட்டுருதேன். இது வாங்கி எத்தன வருசம்?”

“மூணு வாரம்.”

பாய் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எஸ்றாவைப் பார்த்தார். அதற்குப்பின் புதுப் பெட்டியை மாட்டினார். பழைய பெட்டியை ஒரு மூலையில் போட்டார். ஓட்டிக் காட்டியபோது ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எஸ்றா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தாளையெல்லாம் தயார் செய்துவிட்டு, வயரைச் சரிபண்ணக் கம்ப்யூட்டரைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதுகில் பெயரை இரண்டு வரியாக எழுதியிருந்தார்கள். ‘சாரம்மாள்’ என்ற மேல் வரி பவர் சப்ளைப் பெட்டியின் தகட்டில் இருந்தது. பெட்டி மாறியதும் அதுவும் போய்விட்டது. மிச்சம் இருந்தது கீழ் வரி மட்டும்:

‘அப்பாத்துரை நினைவாக.’

நாலு மணிக்கு வரப்போகிற மனிதரின் நினைவாக!

மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் மடியில் கம்ப்யூட்டர். கடை பூட்டியிருந்தது. ஜும்ஆ தொழுகை. எஸ்றா பள்ளிவாசல் எதிரே வெயிலில், கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டு நின்றார். தொழுகை முடிந்து வந்த பாய்க்கு அவரைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

“பழைய பொட்டி வேணும் பாய். அதே பொட்டி. ஆனா சத்தம் கூடாது.”

“சரி, அழாதீரும் வே. உள்ள புது ஃபேன் போட்டு அதே தகரத்துலயே வச்சுத் தாரேன்.”

எஸ்றா பழைய பெட்டியைத் திறக்கக் கையை நீட்டினார். பாய் கையைத் தட்டிவிட்டார். “இத கண்டவுக திறக்கப்படாது. வயரப் புடுங்கினாலும் உள்ள கரண்டு கொஞ்சம் தங்கி இருக்கும்.”

பாயே பார்த்துத் திறந்தார். உள்ளே தூசி மெத்தையாக அமுங்கிக் கிடந்தது.

“விக்கிரமசிங்கபுரம் மில்லுல கூட இவ்வளவு பஞ்சு இருக்காதே அண்ணாச்சி!”

“எங்க ஆபீஸ் ஓட்டுக் கட்டடம்லா. தூசி கொட்டும்” என்றார் எஸ்றா. மூன்று வாரத்தில் இவ்வளவு சேரவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

“தானம் குடுத்த மாட்ட பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாவ” என்றார் பாய். “நான் ஒண்ணும் கேக்கல.”

எஸ்றாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை.

நாலு மணிக்கு அப்பாத்துரை சார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பிடித்துக்கொள்ள மருமகள் பிரிஸில்லாவின் கை. கம்ப்யூட்டரின் முதுகில் மனைவியின் பெயரை ஒரு தடவை விரலால் தடவிவிட்டு உட்கார்ந்தார்.

எஸ்றா சுவிட்சைப் போட்டார். திரை வெளிச்சமானது. வெளியே வேப்பமரத்தில் காக்கை கரைவது கேட்டது. வேறு சத்தம் இல்லை.

சார் தலையைச் சாய்த்துக் காதைக் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுபோனார்.

“ஏலே, ஓடுதா?”

“ஓடுது சார்.”

“ஒரு சத்தத்தையும் காணுமே?”

அந்தக் கேள்வியில் எஸ்றா உடைந்துபோனார். தப்பித்தாயிற்று, பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

“சார், மன்னிச்சிருங்க. பிரதிஷ்டை அன்னைக்கு நான்தான் இத வாசப்படியில இடிச்சிட்டேன். அன்னையில இருந்து கரகரன்னு ஒரே சத்தம். அம்மா பேருல உள்ள பொருளு... உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல. இப்ப சரிபண்ணிட்டேன் சார்.”

சார் முகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மருமகளைப் பார்த்தார், மருமகள் ஜன்னலைப் பார்த்தாள்.

“நீ இடிச்சதுல ஒண்ணும் ஆகல லே” என்றார் கடைசியில், ரொம்பப் பைய. “அத மனசுல வச்சுக்காத.”

இப்படி ஒரு பெருந்தன்மையா என்று எஸ்றாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பிரின்டரிலிருந்து முதல் தாள் வந்தது. மேலே சாரம்மாளின் பெயர். சார் அதை இரண்டு கையாலும் வாங்கினார். உதடு நடுங்கியது. அந்த நடுக்கம் மெய்யானது, அதில் சந்தேகமில்லை. போதகரிடம் காட்ட வேண்டும் என்று தாளோடு தனியாகவே மெல்ல நடந்து வெளியே போனார்.

பிரிஸில்லா பின்தங்கினாள். குனிந்து கம்ப்யூட்டர் மேல் காதை வைத்தாள். 

“அண்ணே, இத சரிபண்ணினது யாரு?”

“வண்ணார்பேட்டை அலி அஸ்கர் பாய்மா. ஏன்?”

அவள் பெருமூச்சு விட்டாள்.

“ஏழு வருசமா எங்க வீட்டுல அத்தை இந்தச் சத்தத்தத்தான் திட்டிக்கிட்டே கெடந்தாவ. இத நிப்பாட்ட ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, நாங்க ஏன்ணே இத கோயிலுக்குக் குடுக்கப் போறோம்?”