பதிமூன்றாம் பாகத்து ஃபெரட்

“பன்னெண்டு புத்தகம் எழுதியிருக்கீங்க. ஒண்ணுலயாவது ஒரு ஃபெரட் யோக்கியமா இருக்கா?”

இங்கிலாந்தின் ஸ்கிப்டன் ஊர் நூலக வாசலிலேயே ஹில்டா மடக்கிவிட்டாள். வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட வந்த எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் டிண்டில் பேனாவோடு விழித்தார்.

அவருடைய மாயவனக் கதைகளில் எலி வீரன். முள்ளெலி சமையலில் கெட்டிக்காரன். கீரிபோல் நீண்ட உடம்புள்ள ஃபெரட் மட்டும் பன்னிரண்டு பாகங்களிலும் துரோகி.

“கதைதானேம்மா…”

“உங்களுக்குக் கதை. ஜனங்க கைவிட்ட ஃபெரட்டுங்களை நான் கொட்டகையில வச்சுக் காப்பாத்தறேன். வளர்க்க வர்றவங்க, ‘ஐயோ, துரோகி இனமாச்சே’ன்னு திரும்பிப் போயிடறாங்க. ஆறு உயிர் ரெண்டு வருஷமா வாசலையே பாத்துட்டுக் கிடக்கு.”

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாழ்நாளில் ஒரு ஃபெரட்டை அவர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

பரிகாரமாகப் பதிமூன்றாம் பாகத்தில் பிராம்பிள் பிறந்தான். பாட்டுப் பாடி, நியாயம் பேசி, வனத்தையே காக்கும் ஃபெரட்.

புத்தகம் வெளிவந்த ஒரே வாரத்தில் ஹில்டாவின் ஆறு ஃபெரட்டுகளும் புது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவள் கேக் அனுப்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஃபெரட் கேட்டு அழுதார்கள். பெற்றோர் கடைகளில் வாங்கிக் கொடுத்தார்கள். கடிக்கிறது, நாறுகிறது என்று பிப்ரவரியில் கொட்டகைக்கு நாற்பத்தொன்று வந்து சேர்ந்தன.

ஆம்ப்ரோஸ் ஐந்தைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவை சோபாவைக் குடைந்தன, காலுறைகளைத் திருடின, அவரைப் பார்க்க வந்த பதிப்பாசிரியையின் விரலைக் கடித்தன.

‘யோசிக்காமல் வாங்காதீர்கள், கடிக்கும்’ என்று பத்திரிகையில் எழுதினார். பயந்துபோய் மேலும் முப்பது பேர் கொண்டுவந்து விட்டார்கள்.

“இனிமே நல்லதும் எழுதாதீங்க, கெட்டதும் எழுதாதீங்க!” என்று ஹில்டா தலையில் கைவைத்தாள்.

சனிக்கிழமைகளில் அவரே கொட்டகை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார். ஒருநாள், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஃபெரட் கூண்டை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

“கடிச்சுதாம்மா?”

“இல்லையே.”

“நாத்தம் அடிக்குதா?”

“அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.”

ஆம்ப்ரோஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பின்னே ஏன்டா கண்ணு திருப்பிக் கொடுக்கறே?”

சிறுமி கூண்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“உங்க புத்தகத்துல எல்லார்கிட்டயும் பேசுது தாத்தா. நான் ரெண்டு மாசமா கேட்டுட்டே இருக்கேன், என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசல. என்னைப் பிடிக்கல போல.”