ஏழு அங்குலப் பூண்டு

ரோஜாச் செடியை மொட்டைமாடித் தொட்டியில் நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் தையற்காரர் அந்த அட்டையைப் பார்த்தார். தொட்டியின் பின்பக்கம், மனைவியின் குண்டுக் கையெழுத்தில்: ‘ஆய்வுத் தொட்டி 7. மூக்குத்திப் பூண்டு. உயரம் ஏழு அங்குலம். பூ மூன்று, மொட்டு ஒன்று.’

களை என்று அவர் பிடுங்கிப் போட்ட பூண்டு பத்து நிமிடத்துக்கு முன்புதான் குப்பை வண்டியில் ஏறிப் போயிருந்தது.

மனைவி மூன்று வருடமாக ‘மூக்குத்திப் பூண்டும் அது வளரும் இடங்களும்’ என்று ஆராய்ச்சி செய்கிறாள். அந்தத் தலைப்புக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த தலைப்பைச் சட்டை தைக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் வீட்டில் ஒரு டாக்டர் பட்டம்! சொல்லும்போதே அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

இன்று நாலு மணிக்கு அவளுடைய பேராசிரியர் நேரில் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் பட்டம். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பும் போச்சு. வருகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமே என்றுதான் ரோஜாவை வாங்கி வந்தார்.

“பதறாதே, தெருவெல்லாம் கிடக்கிற பூண்டுதானே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கழுத்தில் டேப்போடு படியிறங்கினார்.

கிடந்தது உண்மைதான். சுவர் இடுக்கில், சாக்கடை ஓரத்தில், விளக்குக் கம்பத்தடியில், எங்கு பார்த்தாலும் மஞ்சள் நடுவும் வெள்ளை விளிம்புமாகப் பூத்திருந்தது. ஆனால் ஒன்று ஐந்தரை அங்குலம், இன்னொன்று ஒன்பது. ஏழு இருந்தால் பூ இரண்டு. ஒன்பதை ஏழாக்கலாம் என்று கத்தரியை வைத்தார். அது துணி இல்லையே, தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

“என்னண்ணே, செடிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

பேசாமல் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

“சிரிக்காதப்பா. எங்க வீட்டம்மா மூணு வருஷமா இதுலதான் ஆராய்ச்சி பண்ணுது. பெரிய பேராசிரியரே இதைப் பார்க்க வர்றாருன்னா பார்த்துக்கோ!”

“அப்படியா! எதுக்குண்ணே நல்லது?”

தெரியாது என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. “எல்லாத்துக்கும்தான்!” என்றார்.

மண் தோண்டக் கரண்டி எடுக்க வீட்டுக்குப் போய், ரோஜாவையும் பிடுங்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தெருவே இரண்டுபட்டிருந்தது. எதிர்வீட்டு ஹெட்கிளார்க் முழங்கால் வலிக்காகத் தவழ்ந்து தவழ்ந்து பிடுங்கினார். மாடிவீட்டு அக்கா கூந்தலுக்கென்று கூடை நிறையச் சேர்த்தாள். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுச் சாக்கடைக்குள் குனிந்திருந்தார்.

“ஐயா, ஒண்ணாவது விட்டுவைங்க!” என்று கத்தினார் தையற்காரர்.

“பார்த்தீங்களா, அவரே இப்படிப் பறக்கிறாரு! விடாதீங்க!” என்றாள் அக்கா.

மத்தியானத்துக்குள் தெரு மொட்டை. கடைசியில் இஸ்திரிக்காரர் ஒன்றைக் கொடுத்தார், அதுவும் சம்சாரத்துக்கு இரண்டு ரவிக்கை தைத்துத் தரும் கடனுக்கு. பூ ஒன்று, மொட்டு இல்லை. அதைத் தொட்டியில் நட்டபோது மணி நாலு.

மனைவியும் பேராசிரியரும் வந்தார்கள். மாடிக்கு வரவில்லை. தெருவிலேயே நின்றுவிட்டார்கள். பேராசிரியர் சுவரோரமாகக் குனிந்து குனிந்து கோடிவரை போனார்.

“என்னங்க, பூண்டெல்லாம் எங்க?” என்று கேட்டாள் மனைவி.

தையற்காரர் ஓடிவந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். “தப்பு என்மேலதான் சார். பெருமை தாங்காம உளறிட்டேன். அவ ராத்திரி பகலாப் படிச்சவ சார். இந்த வீட்டுக்கே அவதான் கௌரவம். அவளை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.” அவர் கண் கலங்கியது. மனைவி தலை குனிந்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

“நீயும் நானும் மூணு வருஷமா எத்தனை மருந்தடிச்சும் ஒழிக்க முடியாத களையை உன் வீட்டுக்காரர் ஒரே காலையில ஒழிச்சுட்டாரேம்மா! பட்டம் உனக்குத்தான், கடைசி அத்தியாயத்தை மட்டும் அவர்கிட்ட கேட்டு எழுது.”