நரைத்தலை வைத்தியருக்கு ஓர் ஓட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் அக்காவும் ஒரே கூரைக்கு அடியில், ஆனால் எதிரெதிர்க் கட்சியில், சௌக்கியமாக இருக்கிறோம். அவ்விடம் உங்கள் முழங்கால், தங்கையின் இருமல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் ஓட்டு வேண்டும். பயப்படாதீர்கள், நான் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. இந்த ஆண்டின் மிகச் சிறந்த அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன், தொடர் எது என்று நம் வீட்டில் தேர்தல் நடக்கிறது.

நம் பெண் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் வரும். நான்தான் விழுந்தடித்துக்கொண்டு ஓடி எடுப்பேன். "அப்பா, நல்லா இருக்கீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம். அம்மாவிடம் போனால் காது சுடும்வரை பேச்சு. இரண்டு பேரும் ஒரே ஜப்பான் தொடரை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, அந்தப் பையன் ஏன் அழுதான், அந்த இளவரசி ஏன் ஓடிப்போனாள் என்று சொந்தக்காரர் வீட்டு விவகாரம் மாதிரி அலசுவார்கள், நான் சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். மறைப்பானேன் மாப்பிள்ளை, எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பெற்ற பெண்ணோடு பேச மாத்திரையை விட்டால் எனக்கு வேறு விஷயமே கிடையாதா?

இந்த நிலையில்தான் அவள், வருடக் கடைசியில் லீவுக்கு வருவதற்குள் ஆளுக்கொரு தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜெயித்த தொடரை எல்லோரும் உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அறிவித்தாள். நானும் தேர்ந்தெடுக்கிறேன் என்றேன். "அப்பா, நீங்க ஒண்ணுகூடப் பாத்ததில்லையே!" என்றாள். "பாத்துட்டாப் போச்சு" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முதல் எதிரி என்பது உங்களுக்குத் தெரியும்.

வேலையை எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். பிஸ்கட் ஆலையில் தரம் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். பெட்டியைத் திறந்தால் மேலே இருப்பது மினுக்கும், அடியில் இருப்பது நொறுங்கியிருக்கும், உண்மை நடுவில்தான் இருக்கும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்து, முகர்ந்து, கடித்துப் பார்த்தால் முழுப் பெட்டியின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆகவே ஒவ்வொரு தொடரிலும் நடு பாகம் ஒன்றை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். "அது கதைங்க, பிஸ்கட் இல்ல" என்றார் உங்கள் அக்கா. "உனக்குத் தொழில் தெரியாது, பேசாம இரு" என்றேன். கண்ணாடி போட்டால் திரையில் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்து தெரிகிறது, முகம் கலங்குகிறது. கழற்றினால் முகம் தெரிகிறது, எழுத்து எறும்பாகிறது. போட்டும் கழற்றியும் ஒரு காது மடலே தேய்ந்துவிட்டது. ஒரு கால்பந்துத் தொடரில் பையன் பந்தை உதைத்தான், பந்து மேலே போனது, அது கீழே வருவதற்குள் அவனுடைய பால்ய கால நினைவெல்லாம் வந்து போய் பாகமே முடிந்துவிட்டது. வேகாத சரக்கு என்று தள்ளிவிட்டேன். இன்னொன்றில் எல்லோரும் அழுதார்கள், யார் செத்தது என்று தெரியாமலே நானும் அழுதேன், அதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து உங்கள் அக்காவிடம் துக்கம் விசாரித்தார். அந்தக் கலவரத்தில் அடுப்பிலிருந்த பால் பொங்கி ஓடியதையும் என் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தார் என் நரைத்தலை வைத்தியர். என்ன மனுஷன்! கொட்டும் மழையில் நடந்து போய், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து கொடுத்து, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே திரும்பிப் போகிறார். நான் உருகிவிட்டேன். ஞாயிறு போன் வந்ததும், "மாத்திரை கெடக்கட்டும், என் தேர்வைக் கேளு. அந்த வைத்தியர் மாதிரி ஒருத்தரைப் பாத்து உனக்குக் கட்டிவெச்சா நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்" என்றேன்.

அங்கே ஒரு சிரிப்பு வெடித்தது; இங்கே சமையலறையில் உங்கள் அக்கா சிரிப்புத் தாளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா! ஊர் ஆத்துல விஷத்தைக் கலந்ததே அவர்தான்!"

விடுவேனா? "பச்சப் புள்ளைக்குக் கோட்டைக் கழட்டிக் குடுத்தவன் விஷம் கலப்பானா?" என்றேன். "விஷப் பாட்டில் எங்க இருந்துச்சுன்னு நெனச்சீங்க? அந்தக் கோட்டுப் பாக்கெட்டுலதான்!" என்றாள். "நீ பாத்தியா?" என்றேன். "முழுசாப் பாத்தேன்! நீங்க பாத்தீங்களா?" என்றாள். சண்டை சூடு பிடித்தது. போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், அன்றைக்கு அவள் அம்மாவைக் கேட்கவே இல்லை.

அதிலிருந்து ஞாயிறு என்ற கட்டுப்பாடே போய்விட்டது. "அப்பா, அடுத்த பாகம் பாத்தாச்சா? இப்ப என்ன சொல்றீங்க?" என்று நினைத்தபோதெல்லாம் கூப்பிடுகிறாள். சார்ஜர் வயர் இப்போது உங்கள் அக்கா கையில். கடைசி பாகம் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். வைத்தியர் நிரபராதி. அவரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர்தான் ஆள், அவன் முழியே சரியில்லை. தாயும் மகளும் ரயில் பெட்டியில் ஊர் ஊராகப் போகும் இரண்டு சகோதரிகளின் தொடருக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தனியாக நிற்கிறேன். நீங்கள் எதையும் பார்க்க வேண்டியதில்லை, என் அனுபவத்தை நம்பி ஓட்டை மட்டும் போடுங்கள்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், நல்ல கண்பார்வையோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் தனியாக நிற்கும்
உங்கள் அக்கா கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடைசி பாகத்தையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். வைத்தியர்தான் கலந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கலந்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறார். கம்பவுண்டர் பாவம், பசு. மேலே நான் எழுதியது அத்தனையும் தப்பு. அந்த ரயில் சகோதரிகளையும் முழுதாகப் பார்த்தேன், அதுதான் நல்ல தொடர். இருந்தாலும் உங்கள் ஓட்டை வைத்தியருக்கே போடுங்கள் மாப்பிள்ளை, நான் கடைசி பாகம் பார்த்ததைப் பற்றி மூச்சு விடாதீர்கள். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால்தான் வழக்கு நடக்கும். நான் தோற்றேன் என்று தெரிந்தால் அடுத்த ஞாயிறே "மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க" என்று ஆகிவிடும். அவள் ஊருக்கு வந்து சேரும்வரை அந்த அயோக்கியன் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.